வீட்டிலேயே இரு என்று அரசு சொன்னால்...

போன மாதம் எங்கள் விடுதியின் மூன்றாவது மாடியில் ஒருவனுக்குச் சின்னம்மை போட்டது. நாலு நாள் கழித்துப் பக்கத்து அறையில் இன்னொருவனுக்கு. அன்று சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டது. "மூன்றாம் மாடி மாணவர்கள் மறு அறிவிப்பு வரும் வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." அவ்வளவுதான்.

எத்தனை நாள்? தெரியாது. சாப்பாடு மேலே வருமா? தெரியாது. சின்ன வயதிலேயே அம்மை போட்டு முடித்தவனும் அடைந்து கிடக்க வேண்டுமா? அதுவும் தெரியாது.

அன்று ராத்திரி நாலு பேர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். நாலு பேரும் நாலு மாவட்டம். மாடியைத் தாண்டக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிய நோய்க்கு, நோட்டீஸே வெளியூர் டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் மெஸ்ஸில் ஒரே சண்டை. ஓடிப்போனவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று ஒரு கட்சி. நோட்டீஸ் போட்டவர்கள்தான் பொறுப்பில்லாதவர்கள் என்று இன்னொரு கட்சி. "2020ல ஊரடங்கு போட்ட மாதிரியே பண்றாங்கடா" என்றான் ஒருவன். அதைக் கேட்டதும் நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு 2020 என்றால் என் அப்பா ஞாபகம்தான் வரும். அவரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தையும் கூடவே வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்த "வீட்டிலேயே இரு" உத்தரவு என்றால் என்ன என்பதை எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் யாரும் அதைச் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் நடந்ததை வரிசையாக. 2020 ஜனவரி 23 அன்று சீனாவில் வூகான் நகரம் மூடப்பட்டது. ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. நமக்கு மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. அன்றே இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் என்றார். 130 கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டுக்கு நாலு மணி நேர அவகாசம். 21 நாள் மே 3 வரை நீண்டது, பிறகு மே 17, பிறகு மே 31. அதற்கப்புறமும் தளர்வுகளோடு ஓடிக்கொண்டே இருந்தது.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் 27 அன்று பொதுத்தேர்வு தொடங்க வேண்டியது. அது தள்ளித் தள்ளிப் போய் ஜூன் 9 அன்று ரத்தாகி எல்லோரும் பாஸ். நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ஊரடங்கு. எங்கள் பக்கம் "ஊரடங்கின நேரம்" என்றால் ராத்திரி எல்லோரும் படுத்து, நாய்ச் சத்தம் மட்டும் கேட்கிற நேரம். யாரும் உத்தரவு போட்டு ஊர் அடங்குவதில்லை, தானாக அடங்கும். அந்த அழகான சொல்லைத்தான் கலவரக் காலத்துக்கு எடுத்துக்கொண்டோம். கலவரம் என்றால் ஊரடங்குச் சட்டம், தெருவில் போலீஸ், வெளியே வந்தால் அடி. 2020ல் நோய்க்கு ஒரு சொல் தேவைப்பட்டபோது கையில் இருந்த இதையே எடுத்து மாட்டிவிட்டோம். சொல்லோடு சேர்ந்து லத்தியும் வந்துவிட்டது.

இன்னொரு சொல் "தனிமைப்படுத்துதல்". இதில் குழப்பம் இன்னும் அதிகம். மூன்று வேறு வேறு விஷயத்துக்கு நாம் இந்த ஒரு சொல்லையே பயன்படுத்தினோம். ஒன்று, நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது. இரண்டு, நோயாளியோடு பழகியவருக்கு நோய் வருமா வராதா என்று தெரிகிற வரை பிரித்து வைப்பது. (இதற்குப் பழைய கதை உண்டு. இன்றைய குரோஷியாவில் இருக்கும் ரகூசா துறைமுகம் 1377ல் கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருபவர்களை 30 நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பின்னால் அது 40 நாள் ஆனது. குவாரன்டீன் என்ற சொல்லே நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.) மூன்றாவது, நோயும் இல்லை, நோயாளியைப் பார்த்ததும் இல்லை, ஆனாலும் எல்லோரும் வீட்டில் இருங்கள் என்பது.

முதல் இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதுதான் புரியாது. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் ஏன் உள்ளே இருக்கணும்?" 2020 ஏப்ரலில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வியும் கூட. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதுதான் முக்கியமான எண். முதலில் வந்த கொரோனா வைரஸுக்கு அது ஏறக்குறைய 2லிருந்து 3 வரை என்று மதிப்பிட்டார்கள். 3 என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் மூவருக்கு, மூவர் ஒன்பது பேருக்கு, பிறகு 27, 81, 243. ஐந்தாவது சுற்றில் 243. பத்தாவது சுற்றில் 59,049. ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்து நாள் என்றால் ஐம்பது நாளில் ஒரு ஆளிலிருந்து ஒரு சிறுநகரம்.

ஒவ்வொருவரும் சந்திக்கிற ஆட்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிட்டால் இந்த 3 என்பது 1க்குக் கீழே போய்விடும். 0.8 என்று வையுங்கள். நூறு பேரிலிருந்து 80, பிறகு 64, பிறகு 51. நோய் தானாகச் சுருங்குகிறது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை (இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியதே 2021 ஜனவரி 16 அன்றுதான்), ஆனாலும் சுருங்குகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். கொரோனா வந்தவர் இருமத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். சிலருக்குக் கடைசி வரை ஒரு அறிகுறியும் இருக்காது. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்பவருக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று அவருக்கே தெரியாது. தெரியாது என்பதால்தான் எல்லோரையும் உள்ளே இருக்கச் சொல்கிறார்கள். உன் மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. யார் என்று கண்டுபிடிக்க வழி இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆனால் நம் காதில் முதலாவதுதான் விழுந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதால் நோய் ஒழியாது. தள்ளிப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரே வாரத்தில் ஆயிரம் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்குப் பதில் பத்து வாரத்தில் நூறு நூறாக வந்தால் எல்லோருக்கும் கட்டில் கிடைக்கும். அந்த இடைவெளியில் அரசு படுக்கைகளைக் கூட்ட வேண்டும், பரிசோதனையைக் கூட்ட வேண்டும், ஆக்சிஜன் சேர்க்க வேண்டும். ஆக, மக்கள் வீட்டில் உட்கார்ந்து அரசுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒருவிதத்தில் கடன் மாதிரி. வாங்கிய நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்கிற உரிமை கொடுத்தவனுக்கு உண்டுதானே? 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்காக நாடு அலைந்தபோது அந்தக் கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். (நான் படிப்பது சட்டம். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.)

2020ல் கையில் எடுக்கப்பட்ட சட்டங்களில் முக்கியமானவை மூன்று. முதலாவது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டம். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்டது. மொத்தமே நாலு பிரிவுதான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தேவையான நடவடிக்கை எதையும் அரசு எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. சாரம் இவ்வளவுதான். அடைந்து கிடக்கும் மக்களுக்கு அரசு என்ன தர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இரண்டாவது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2004 டிசம்பர் சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தது. நாடு முழுக்க ஒரே உத்தரவு போட இதுதான் உதவியது. இதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, மீறியதால் உயிர்ச்சேதம் என்றால் இரண்டு வருடம் வரை. மூன்றாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144. இந்த எண் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 163 ஆகிவிட்டது. சினிமா வசனம் எழுதுபவர்கள் கவனிக்க.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. கலெக்டர், போலீஸ், அபராதம், சிறை எல்லாம் விவரமாக இருக்கின்றன. சோறு? பேரிடர் சட்டத்தில் நிவாரணம் பற்றி எழுதியிருக்கிறது. முகாம், உணவு, குடிநீர், இறந்தவர் குடும்பத்துக்கு உதவி என்று. ஆனால் அந்தப் பகுதியைப் படித்தால் புயல், வெள்ளத்தில் வீடு போனவன்தான் கண்முன் வருகிறான். வீடு இருக்கிறது, அதற்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், கூலி மட்டும் நின்றுவிட்டது என்கிற மனிதன் அந்த வரிகளில் எனக்குத் தென்படவே இல்லை. 2024ல் சட்ட ஆணையமே தன் 286வது அறிக்கையில் 1897ஆம் வருடத்துச் சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று எழுதியது.

அரசு ஒன்றுமே தரவில்லை என்று சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். 2021ல் இரண்டு தவணையாக நாலாயிரம். எங்கள் வீட்டில் அந்த ஆயிரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மதுரையில் சின்னத் தையல் கடை. சித்திரைத் திருவிழாவும் கல்யாண சீசனும்தான் அவருக்கு வருடத்தின் பாதி வருமானம். அந்த வருடம் இரண்டும் இல்லை. கடை வாடகை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது.

ஏப்ரல் 26லிருந்து நாலு நாள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது என்று அறிவித்தார்கள். முதல் நாள் அப்பாவோடு காய்கறி வாங்கப் போனேன். அப்படி ஒரு கூட்டத்தை நான் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதமாக ஆறடி, ஆறடி என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரு தக்காளிக் கூடை முன்னால் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. நாலு நாளைக்குக் கடை இல்லை என்றால் வீட்டில் குழந்தை வைத்திருப்பவன் முண்டியடிக்கத்தான் செய்வான். கூட்டம் சேரக் கூடாது என்ற உத்தரவே கூட்டத்தைச் சேர்த்தது. எங்கள் விடுதிச் சுவர் கதையும் இதுவும் வேறு வேறா என்ன?

இதெல்லாம் நம் நாட்டில் புதிதும் இல்லை. 1897ல் புனேவில் பிளேக் வந்தபோது சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பிச் சோதனை போட்டார்கள். சமையலறை, பூஜையறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள், சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார்கள். நோயைவிட அந்தச் சோதனைக்கு மக்கள் பயந்தார்கள். நோயாளியை ஒளித்து வைத்தார்கள். கடைசியில் பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட், ஜூன் 22 அன்று இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார், சில நாளில் இறந்தார். நோயைக் கட்டுப்படுத்த வந்த உத்தரவு ஒரு அரசியல் கொலையில் போய் நின்றது.

நம் காலத்தில்? சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள். (நோயாளி வீட்டில் இப்படிச் சுவரொட்டி ஒட்ட, உரிய அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டால் ஒழிய, தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது.) 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஜூனில் சாத்தான்குளத்தில், கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் திரும்பி வரவில்லை. போலீஸ்காரர்கள் மேல் சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தமிழ்நாட்டில் ஊரடங்கை மீறியதாக ஏறக்குறைய பத்து லட்சம் வழக்கு பதிவானது. 2021 பிப்ரவரியில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிடுவதாக முதல்வரே அறிவித்தார். பத்து லட்சம் வழக்கைப் போட்டுவிட்டுப் பிறகு வாபஸ் வாங்க முடிகிறது என்றால், அவற்றை முதலில் எதற்குப் போட்டோம்?

இப்போது அப்பாவின் கதை.

2020 மே மாதம் நடுவில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன். அப்பத்தா இறந்துவிட்டது. கொரோனா இல்லை, வயசுதான். ஊர் காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஆனால் மாவட்டம் வேறு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். சாவு, கல்யாணம், அவசர மருத்துவம் என்றால் பாஸ் உண்டு.

நான்தான் போனில் விண்ணப்பம் போட்டேன். பத்து மணிக்கு நிராகரிப்பு வந்தது. ஆவணம் சரியில்லையாம். இறந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, என்ன ஆவணம் இருக்கும்? சித்தப்பா கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் பிடித்து ஒரு கடிதம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுபடி போட்டேன். பதில் இல்லை. வெயில் காலம், வைத்திருக்க முடியாது, ரெண்டு மணிக்கு எடுத்துவிடலாம் என்று ஊரில் முடிவு செய்தார்கள். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது வேறு.

பதினோரு மணிக்கு அப்பா எக்ஸெல் வண்டிச் சாவியை எடுத்தார். "மெயின் ரோட்டுலதானே நிப்பாட்டுவாங்க. கம்மாக்கரை வழியா போயிருவேன். எனக்குத் தெரியாத பாதையா?"

நான் வாசலில் நின்றுகொண்டேன். எனக்குப் பதினைந்து வயது. செய்தியில் சொன்னது எல்லாம் மனப்பாடம். தெருவில் யார் முகக்கவசம் போடவில்லை என்று கணக்கு வைத்திருந்தவன் நான்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்ப்பா. எல்லாரும் இப்படி அவங்கவங்க காரணத்துக்குப் போனா என்ன ஆகும்?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். கட்டிலில் உட்கார்ந்தார். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்தார். அப்பா அதை என் போனில் பார்த்தார். நடுவில் இரண்டு முறை சிக்னல் போய் படம் அப்படியே நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்கு "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது.

அன்று நான் சொன்னது சரியா தப்பா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். சட்டம் படிக்க ஆரம்பித்த பிறகு ஒன்று புரிந்தது. சாவுக்குப் போகலாம் என்பது விதிக்கு வெளியே இருந்த சலுகை கிடையாது. விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உத்தரவு எழுதியவருக்கே, தாய் செத்தால் மகன் போகத்தான் வேண்டும் என்று தெரிந்திருந்தது. அப்பா விதியை மீறப் பார்க்கவில்லை. விதி தருவதாகச் சொன்னதைத் தராமல் ஒரு கம்ப்யூட்டர் திரை தடுத்தது. ஆனால் நான் விதிக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியாமல் திரையின் பக்கம் நின்றுவிட்டேன்.

அதற்காக எல்லோரும் கம்மாக்கரை வழியாகப் போயிருக்க வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கணக்கை நான் நம்புகிறேன். 3, 9, 27, 81. அது பொய் இல்லை. கம்மாக்கரை வழியாகப் போன எத்தனையோ பேரில் யாரோ ஒருவர் நோயையும் கொண்டு போயிருப்பார். இரண்டும் உண்மை. அதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில் அப்பத்தாவைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆறு வயதில் ஊரில் இருந்தபோது சின்னம்மை போட்டது. அப்பத்தா முதல் வேலையாக வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகியது. அதைப் பார்த்தால் வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். நாங்களும் அடுத்த வீட்டுக்குப் போக மாட்டோம். எதிர்வீட்டு அத்தை தினமும் இளநீரைத் திண்ணையில் வைத்துவிட்டு, குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டில் தாளிக்கவில்லை. வேப்பிலை பரப்பிய துணியில் படுக்கை. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு நாள் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். மூன்றாவது தண்ணி ஊற்றிய பிறகு நான் தெருவில் விளையாடலாம்.

வேப்பிலை நோயைத் தீர்த்தது என்று சொல்ல வரவில்லை. பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது தடுப்பூசிதான், 1980ல் அதை அறிவித்தார்கள். ஆனால் அப்பத்தா போட்டதும் ஒரு "வீட்டிலேயே இரு" உத்தரவுதான். அதில் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். ஏன் என்பது ஊருக்கே தெரியும். எத்தனை நாள் என்பது தெரியும், கொப்புளம் காய்கிற வரை. (சின்னம்மை தொற்றுவதும் ஏறக்குறைய அதுவரைதான் என்று மருத்துவமும் சொல்கிறது.) யார் சோறு தருவது, யார் இளநீர் தருவது என்பது தெரியும். முடிந்தது என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு, தலைக்குத் தண்ணி. எல்லாவற்றுக்கும் மேலே, வேப்பிலை தொங்கும் வீட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்று மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். வேப்பிலையும் தகரமும் சொல்வது ஒரே செய்தி. ஒன்றைப் பார்த்து ஊர் இளநீர் கொண்டு வந்தது. இன்னொன்றைப் பார்த்துக் கதவைச் சாத்தியது.

ஆக எனக்குத் தோன்றுவது இதுதான். அடுத்த முறை (வரக் கூடாது, ஆனால் வரும்) வீட்டிலேயே இரு என்று ஒரு உத்தரவு வந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவும் வேண்டாம், பதினைந்து வயதில் நான் செய்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாசலில் காவல் நிற்கவும் வேண்டாம். நாலு கேள்வி கேட்போம். ஏன்? எத்தனை நாள்? யாருக்கெல்லாம் விலக்கு, அந்த விலக்கு நிஜமாகவே கைக்குக் கிடைக்கிறதா? உள்ளே இருப்பவனுக்குச் சோறு யார் தருவது? நாலுக்கும் பதில் இருந்தால் பெரும்பாலான ஜனங்கள் போலீஸ் இல்லாமலே உள்ளே இருப்பார்கள். பதில் இல்லாத உத்தரவுக்குத்தான் லத்தி தேவைப்படுகிறது.

விடுதியில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. நாங்கள் சிலர் போய்ப் பேசினோம். மறுநாள் புது நோட்டீஸ் வந்தது. கொப்புளம் காய்கிற வரை அந்த இரண்டு பேரும் தனி அறையில். ஏற்கனவே அம்மை போட்டவர்கள் வகுப்புக்குப் போகலாம், மாடிக்குச் சாப்பாடு கொண்டு வரும் வேலையும் அவர்களுடையது. மற்றவர்கள் மூன்று வாரம் ஊருக்குப் போகாமல் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு யாரும் சுவர் ஏறவில்லை.

எனக்கு ஆறு வயதிலேயே போட்டு முடிந்ததால் நானும் டிபன் கேரியர் தூக்குகிற கோஷ்டியில் சேர்ந்தேன். முதல் நோட்டீஸ் ஒட்டிய அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன ரூல்ஸ் என்று கேட்கவில்லை. ஊருக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பயலுகளுக்கு சாப்பாடு யாருய்யா குடுக்குறா?" என்று கேட்டார்.